ஃபோனி என்ற சொல்லும் ஒரு பித்தளை மோதிரமும்

ஜூலை 9, புதன்
காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. வாங்க: தோசை மாவு, கொசுவத்தி, பால் கூட அரை லிட்டர்.

அருவி சீசனுக்கு வந்த நாத்தனார் குடும்பம் இன்று கிளம்புவதாக இருந்தது. ஐந்து நாள் ஆயிற்று. தென்காசியில் வீடு இருந்தால் இது உண்டு. பையோடு வாசலில் நின்றவரிடம், "அதுக்குள்ள என்ன மதினி, ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க" என்றேன். நான் சொல்ல, அவர் மறுக்க, பிறகு கிளம்புவதுதான் முறை. மதினி மறுக்கவில்லை. "அப்ப சரி" என்று பையை இறக்கிவிட்டார்.

அடுக்களைக்குப் பின்னாலேயே வந்தாள் என் மகள் யாழினி. "அங்கன சிரிச்சுப் பேசுதே, இங்கன சட்டியைப் போட்டு உடைக்கே. சரியான ஃபோனிம்மா நீ."
"ஏட்டி, மெதுவாப் பேசு."
"நான் கோயம்புத்தூர் காலேஜுக்குப் போறது சந்தோஷம்னியே. அதுவும் இப்படித்தானா?"
அடுப்புப் பக்கம் திரும்பினேன். குக்கர் விசில்.

ஜூலை 10, வியாழன்
எல்லோரும் ஐந்தருவிக்கு. துணிமணிக்குக் காவல் நான். கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேடினேன்.

பழைய இங்கிலாந்துத் திருடர் பேச்சில் 'ஃபானி' என்றால் முலாம் பூசிய பித்தளை மோதிரம். ஐரிஷ் சொல்லாம். தெருவில் கண்டெடுத்ததுபோல் நடித்துத் தங்கம் என்று யார் தலையிலாவது கட்டுவது. பிறகு மோதிரத்தின் பெயர் போலி மனிதருக்கு, 'ஃபோனி' என்று. அநேகமாக இப்படித்தான் என்கிறார்கள், உறுதி இல்லை.

வாங்குகிறவருக்குப் பித்தளை என்று தெரிந்திருந்தால்?

ஈரத் தலையோடு மதினி பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ ஒப்புக்குத்தான் இருக்கச் சொன்னேன்னு தெரியும்ட்டி. வீட்டுக்குப் போனா எனக்கு அடுப்படிதான். உன் கையால இன்னும் ரெண்டு நாள் சாப்பிடுவோமேன்னு பார்த்தேன்."

சிரித்துவிட்டேன். இங்கே யாரும் ஏமாறவில்லை. யாழினியிடம் சந்தோஷம் என்றது அப்படியில்லை. அவள் தங்கம் என்று நம்பி வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 11, வெள்ளி
கொஞ்சம் வெயில். மதினி கிளம்பினார். நான் வாயைத் திறக்குமுன், "சொல்லிராத, இருந்துருவேன்."

யாழினி பெட்டி அடுக்கினாள். போர்வை 2, பூட்டு, வாளி அங்கே வாங்கலாம். ஞாயிறு காலை பஸ்.
"நீ போறது எனக்குச் சந்தோஷமா இல்லட்டி. சும்மா சொன்னேன்."
நிமிரவில்லை. "அப்ப போவாண்டாங்கியா?"
"போகணும். அது நெசமாத்தான் சொல்லுதேன்."
ஒரே சுடிதாரை மறுபடி மறுபடி மடித்தாள். பிறகு, "எனக்குப் பயமா இருக்கும்மா. அப்பாட்ட ஜாலியா இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."