விழுங்காத மாத்திரை

மரியே வாழ்க

இராயபுரம்,
18.11.2002

அன்புள்ள மாமு ஆசீர்வாதத்துக்கு,

உன் தோஸ்து அம்புரோஸ் எழுதுவது. சிங்கப்பூரிலிருந்து நீ போட்ட கார்டு வந்தது. கிறிஸ்துமசுக்குக் கப்பலை விட்டு இறங்குகிறாய் என்று உன் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர்களுக்கு மூட்டுவலி இப்போது தேவலை. நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. பயமாக இருக்கிறது மாமு.

குடித்துவிட்டு கிரேனில் ஏறினேன் என்று துறைமுகத்தில் என்னை நிறுத்திவைத்ததும், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குடிநோய் கிளினிக்கில் என் பெண்டாட்டி சிலுவை என்னைச் சேர்த்துவிட்டதும் உனக்குத் தெரியும். அங்கே கொடுக்கிற கேப்சூல் மாத்திரையை அவள்தான் தினமும் காலையில் என் கையில் கொடுப்பாள். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் நெஞ்சு படபடக்கும், உயிரே போனாலும் போகும் என்று டாக்டர் மிரட்டியிருந்தார். அதை விழுங்க நான் என்ன கேனையனா? கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் சாக்கடையில் துப்பிவிடுவேன். முதல் மாதம் ஜாலியாகத்தான் ஓடியது.

போன மாதம் பொன்னுரங்கம் வீட்டு விசேஷத்தில் இரண்டு மடக்குதான் குடித்தேன். முகம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. மூச்சு முட்டியது. காசிமேட்டில் ஒரு லாரிக்கு அடியில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன், செத்தேன் என்றே நினைத்தேன். சரக்கில் கலப்படம் என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்தேன்.

போன திங்கட்கிழமை கிளினிக்கில் புதிதாக ஒரு சோதனை. ரேச்சல் சிஸ்டர் கிண்ணத்தைக் கொடுத்து ஒண்ணுக்குப் பிடித்துவரச் சொன்னார். மாத்திரைக்குள் ஏதோ வைட்டமின் கலந்திருக்கிறார்களாம். விழுங்கியிருந்தால் நீல விளக்கில் மின்னுமாம். கள்ளநோட்டு பார்க்கிற விளக்கேதான். மாட்டிக்கொண்டோம் என்று நின்றேன். அறையை இருட்டாக்கி விளக்கைப் பிடித்தார். பச்சையும் மஞ்சளுமாகப் பளீரென்று மின்னியது. சிஸ்டர் கைதட்டி, அம்புரோசு தேறிட்டாரு என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். சிலுவை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விழுங்காத மாத்திரை எப்படி மின்னும்?

மறுநாள் துப்பிய மாத்திரையைக் கையில் எடுத்துப் பிரித்தேன். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு. மருந்துத்தூள் என் குழம்பில் இருக்கிறது மாமு. எத்தனை நாள் குழம்பு கசக்கிறது, மீன் கலீஜ் என்று அவளைத் திட்டியிருப்பேன்! நான் சாக்கடையில் துப்புவதை எப்போது பார்த்தாளோ.

கோபம் வந்தது. தட்டைத் தூக்கி எறியலாம் போல வந்தது. லாரிக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்திருப்பேனே, இவளுக்குப் பயமே இல்லையா என்று பொருமிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரசூல் பீவிதான் பேச்சுவாக்கில் கேட்டாள், இன்னா அண்ணே, அன்னிக்கி விசேஷத்துக்குப் போனியே, அண்ணி செருப்புகூட போடாம உன்னத் தேடிகினு காசிமேடு வரைக்கும் ஓடுச்சே, இன்னா ஆச்சு என்று. அதற்கப்புறம் எனக்குக் கோபம் நிற்கவில்லை, பயம்தான் நிற்கிறது.

நேற்று மத்தியானம் வஞ்சிரம் குழம்பு. ஊற்றிவிட்டு அவள் என் வாயையே பார்த்தாள். வெளியே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னிக்கி கசப்பே இல்லை என்றேன். கசந்தது.

நான் தேறிவிட்டேன் என்று சிஸ்டர் துறைமுகத்துக்குக் கடிதம் எழுதப்போகிறார். எனக்கல்லவா தெரியும். இன்றைக்கும் கடைப்பக்கம் போனால் கால் தானாகத் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் நீ எனக்கென்று வெளிநாட்டுப் புட்டி கொண்டுவருவாய். உன் கையால் கொடுத்து நான் வேண்டாம் என்றதே இல்லை. இந்த முறையும் சொல்ல மாட்டேன் மாமு, அதுதான் பயம்.

அதனால் இப்போதே கெஞ்சிக் கேட்கிறேன், புட்டி கொண்டுவராதே. சிலுவைக்கு நல்லதாக ஒரு புடவை வாங்கி வா. கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில்தான் உனக்குச் சாப்பாடு. உனக்குத் தனியாகத்தான் பரிமாறுவாள், ஏன் என்று கேட்காதே. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

மாதா உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். என்னையும்.

இப்படிக்கு,
உன் அம்புரோஸ்