பம்பருக்குள் எழுதிய ‘சரி’

மார்ச் 4
பல் டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குச் சாமான் வந்துவிட்டது. பம்பரின் இரு ஓரத்திலும் மாட்டும், காற்று உள்ளே போகும் ஏர் டக்ட், அதற்குள்ளேயே மூடுபனிக்கான ஃபாக் லைட். படத்தைக் காட்டினேன். வண்டி சிரிக்கிற மாதிரி இருக்கிறதே என்றார். பல் டாக்டருக்கு எல்லாமே வாய்தான்.

வெள்ளிக்கிழமை நண்பர்களோடு மலைக்குப் போகிறாராம், ஐந்து வண்டி. இவர் வண்டியைப் பார்த்து மற்ற நாலு பேரும் என் கடைக்கு வருவார்கள். சிக்னலில் வண்டி துடைக்கும் துணி விற்று இந்தக் கடை வைத்தவனுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்ச் 6
காலையிலேயே பம்பரைக் கழற்றிக் கம்பளியில் கிடத்தியாயிற்று. மாப்பிள்ளை (தங்கை புருஷன், பதினேழு வருஷமாக என் ஃபிட்டர்) குந்தி உட்கார்ந்து ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். கூப்பிட்டார்.

“மச்சான், இது சும்மா ஓட்டை இல்ல. முன் பிரேக்குக்குக் காத்து போற வழி. லைட்டோட முதுகு அதை அடைச்சுக்குது, இறக்கத்துல பிரேக் சூடேறிப் பிடிக்காமப் போயிடும். குழாயை வெட்டித் திருப்பணும், ரெண்டு நாள் ஆகும்.”

“டாக்டர் சாயங்காலம் வர்றார்.”

“அப்ப லைட் இல்லாம அனுப்புங்க.”

எனக்குச் சுருக்கென்றது. போய்விட்டு வரட்டும், திங்கட்கிழமை குழாயைப் பார்க்கலாம் என்றேன். மாட்டினார்.

வேலை முடிந்ததும் பம்பரின் உட்பக்கம் வெள்ளை மார்க்கரால் தேதி போட்டு ‘சரி’ என்று எழுதுவது அவர் வழக்கம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இன்று தேதியை மட்டும் எழுதிவிட்டு மார்க்கரை என்னிடம் நீட்டினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே டாக்டர் நின்றுகொண்டிருந்தார். குனிந்து நானே எழுதினேன். ஒரு வார்த்தைதானே.

மார்ச் 7
டாக்டர் படம் அனுப்பியிருக்கிறார். மூடுபனிக்குள் இரண்டு லைட்டும் பூனைக்கண் மாதிரி. அழகு.

மார்ச் 9
டாக்டர் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. பெடல் தரை வரை போயிருக்கிறது. கல் சுவர். உயிர் இருக்கிறது. இரண்டு மணிக்கட்டும் நொறுங்கிவிட்டன.

பல் டாக்டருக்குக் கை.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டே இருந்தார். ஏதாவது கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 12
ஆஸ்பத்திரி. அவர் மனைவி கரண்டியால் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தார். “நீங்க நல்லாத்தான் செஞ்சு குடுத்தீங்க. நான்தான் இறக்கத்துல வேகமா வந்துட்டேன்” என்றார் டாக்டர். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மார்ச் 18
காப்பீட்டு ஆய்வாளர் வந்தார். காற்று வழி அடைபட்டிருந்தது கடையில் யாருக்கும் தெரியாதா, வேலையை முடித்தது யார் என்று கேட்டார். பம்பர் தூளாகியிருக்கும் என்ற தைரியம் எனக்கு.

“எங்க கடையில ‘சரி’ன்னு எழுதறவர்தான் பொறுப்பு சார். ஃபிட்டர்தான் எழுதுவார்.”

வாய் தவறிச் சொன்னேன் என்று எழுதினால் பொய். யோசித்துத்தான் சொன்னேன்.

மார்ச் 20
ஆய்வாளர் திரும்ப வந்தார், ஒரு பையோடு. உள்ளே முழ நீளத்துக்குப் பம்பர்த் துண்டு. வெள்ளை எழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தேதி மாப்பிள்ளையுடையது. ‘சரி’ என்னுடையது. என் ‘ரி’யின் சுழி ச-வுக்கு மேல் குடை பிடிக்கிற மாதிரி வளைந்திருக்கும். அவருடையது ஆணி மாதிரி குட்டை. கண் உள்ள எவனுக்கும் தெரியும்.

இது யார் எழுத்து என்று ஆய்வாளர் மாப்பிள்ளையைத்தான் கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம் இல்லை.

“என்னுதுதான் சார்.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

இப்ப சொல்லிடு, இப்ப சொல்லிடு — ஆய்வாளர் பையின் ஜிப்பை இழுத்து மூடும் வரை நேரம் இருந்தது. நின்றுகொண்டே இருந்தேன்.

எதுக்குய்யா அப்படிச் சொன்ன? உன்ன யார் கேட்டா? கடை போனா ரெண்டு வீட்டு அடுப்பும் அணையும்னா? இல்ல, நான் வாயத் திறக்கறேனான்னு பாத்தியா?

ஏப்ரல் 2
மாப்பிள்ளை மேல் வழக்கு. முடியும் வரை எந்தக் கடையிலும் அவர் வண்டியைத் தொடக்கூடாது.

தங்கை வந்தாள். “ஒரு நட்டைக்கூட ரெண்டு தடவ தொட்டுப் பாக்கற மனுஷன்ணா. அவரா இதைச் செஞ்சாரு? வீட்டுல வாயே திறக்க மாட்டேங்கறாரு. நீயாவது சொல்லு.”

வீட்டுக்குப் போம்மா என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள்.

“சரிண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 5
தங்கை போனை எடுக்கவில்லை. ஆறு தடவை.

ஏப்ரல் 21
ஆய்வாளர் கடையில் செய்த மற்ற வேலைகளையும் ஒருமுறை பார்க்க வருவாராம், எழுத்தை ஒப்பிட.

புது ஃபிட்டர் சேர்ந்தாயிற்று. இந்த வெள்ளை மார்க்கர் எதற்கு என்று கேட்டான். வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்று மூன்று பம்பர். மூன்றிலும் நானே ‘சரி’ எழுதினேன். சுழியை மாப்பிள்ளையுடையது போலக் குட்டையாக இழுக்கக் கை பழகிவிட்டது.