கடலோடு போன கசற்

யூலை 14, வியாழன்

சோளகக் காற்று. கிளிநொச்சி முழுக்கத் தூசி. ஸ்பீக்கர் பெட்டிகளைத் துடைத்துக் கை ஓய்ந்தது. நாளை விருந்து. சுனாமிக் கடலில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு இல்லம் கட்ட வேண்டுமாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இராச்சாப்பாடு போட்டு உதவி கேட்பார்கள். சவுண்டும் லைற்றும் நான். வீடியோப் படம் என் கூட்டாளி றெஜி.

ஏற்ற வேண்டியவை: ஸ்பீக்கர்கள், மிக்சர், மைக் (கறுத்ததின் வயர் திருத்த வேண்டும்), மேடை லைற், ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய். மேசை மெழுகுதிரி அவர்கள் பாடு.

பின்னேரம் மண்டபத்தில் சோதனை. வழக்கம்போல மேடையில் நின்று மைக்கில், "அங்காலை கேக்குதோ?" கடைசிக் கதிரையிலிருந்து றெஜி கையைத் தூக்கினான். தொழில் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். அவன் கை தூக்காமல் நான் எதையும் தொடங்குவதில்லை.

விருந்தை ஒழுங்கு செய்கிற லண்டன்காரர் றெஜியிடம்: "படம் முடியேக்கை ஒருத்தற்றை கண்ணும் காயக்கூடாது, தம்பி."

வரும் வழியில் றெஜியிடம் மறுபடி கேட்டேன். மகள் டிலானி கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்த வீடியோக் கசற். எடுத்தது றெஜி, அவளுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான். அன்று பாதியிலேயே நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். மார்கழியில் கடல் வந்தபோதும் சவுண்ட் செற்றோடு இங்கேதான் நின்றேன். முல்லைத்தீவில் வீடு போனது, அவள் போனாள். ஒரு படம் மிச்சமில்லை. ஊராரின் குரலையெல்லாம் பெருப்பித்துக் கொடுத்தவனிடம் சொந்தப் பிள்ளையின் குரல் இல்லை.

"எத்தினை தரமடா சொல்லுறது? முல்லைத்தீவுக் கடையிலை இருந்ததெல்லாம் கடலோடை போயிட்டுது. அந்தக் கசற்றும்தான்."

கண் கலங்கினான். நான்தான் தேற்றினேன். இனி அவனைக் கேட்பதில்லை என்று பெண்சாதி ஜெசியிடமும் சொல்லிவிட்டேன். அவள் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

யூலை 15, வெள்ளி

இப்போதுதான் வந்தேன்.

பேச்சு, சாப்பாடு எல்லாம் சரி. லைற்றை அணைத்தேன். படம். உடைந்த வள்ளங்கள், கூடாரங்கள், புல்லாங்குழல். பிறகு டிலானி.

வெள்ளைச் சட்டை, தலையில் பூமுடி. எங்கள் முற்றம். கையில் என் கறுத்த மைக். அவள் அதைத் தொட்டதே எனக்குத் தெரியாது. சிரிக்கிறாள், ஏதோ சொல்கிறாள். வாய் அசைகிறது, புல்லாங்குழல்தான் கேட்கிறது.

அவள் குரலைக் கேட்க இசையை இறக்கினேன். படத்தின் சத்தம் முழுவதும் ஒரே வயரில் வருகிறது, இசையை இறக்கினால் எல்லாமே போய்விடும். எனக்குத் தெரியாததா? ஆனாலும் இறக்கினேன். அடிவரை இறக்கினேன். மண்டபம் கப்சிப். அவள் வாய் மட்டும். பிறகு அவளும் இல்லை.

"என்ன ஐசே, சவுண்ட் எங்கை?" லண்டன்காரர் பாய்ந்து வந்தார்.

பக்கத்து மேசையில் ஒரு பெண்: "ஐயோ, என்ன வடிவான பிள்ளை! இருக்குதோ, செத்துப்போச்சுதோ?"

அவள் புருஷன்: "ஆருக்குத் தெரியும். ஐஸ்கிறீமை எடும், கரையப்போகுது."

றெஜி புரொஜெக்ரருக்குப் பக்கத்தில். என் பக்கம் திரும்பவே இல்லை.

விருந்து எப்படி என்று ஜெசி கேட்டாள். நல்லம் என்றேன்.

யூலை 16, சனி

காலையிலேயே றெஜி வீடு.

"கசற்றை எடு."

"இரு மச்சான், தேத்தண்ணி..."

"எடடா!"

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்தான். இங்கே, கிளிநொச்சியில். நாசமாய்ப் போனவன். இங்கே எந்தக் கடல் வந்தது?

நடந்தது இதுதான். போன ஆவணியில் ஒட்டுசுட்டானில் ஒரு கலியாணம். புதுக் கசற் தட்டுப்பாடு. டிலானியின் கசற்றைத் திருப்பிச் சுற்றி அதன்மேலேயே எடுத்துவிட்டான். கடைசித் துண்டு மட்டும் தப்பியது.

"அவளின்ரை பிறந்தநாளுக்குத் திருப்பி வடிவா எடுத்துக் குடுப்பம் எண்டு நினைச்சனான். அவள் இருப்பாள் எண்டுதானே மச்சான் நினைச்சனான்."

அதுவரைக்கும் எனக்கு விளங்குகிறது. நானும் பாட்டுக் கசற்றுகளை அழித்துப் பதிந்தவன்தான்.

"மிச்சத் துண்டையாவது தந்திருக்கலாமே?"

"தந்தால் மற்றது எங்கை எண்டு கேப்பாய்."

"எனக்குத் தர இல்லாத பிள்ளை, ஐஸ்கிறீம் தின்னுறவைக்குக் காட்ட இருந்தவளோ?"

"அந்த லண்டன்காரர் சிரிக்கிற பிள்ளை ஒண்டு வேணும் எண்டு நிண்டவர். நீ மிக்சரிலை குனிஞ்சிருப்பாய், காணமாட்டாய் எண்டு..."

இத்தனை மாதம் இவனை நான் தேற்றினேன். நான்! கசற்றையும் கமராவையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அவன் மறிக்கவில்லை.

யூலை 17, ஞாயிறு

ஜெசி பூசை முடிந்து வந்ததும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

கமராவின் சின்னத் திரை. மேளம், தாலி, யாரோ பெண்களின் சிரிப்பு. பிறகு கோடு கோடாக ஓடி:

"...ப்பா, அங்காலை கேக்குதோ? நான் டிலானி கதைக்கிறன். அங்காலை கேக்குதோ?"

கமராவுக்குப் பின்னாலிருந்து றெஜியின் குரல்: "கேக்குது, கேக்குது. கை தூக்கிறன், பார்."

அவ்வளவுதான்.

"திருப்பிப் போடுங்கோ," என்றாள். போட்டேன். கமராப் பற்றறி இறங்கும்வரை போட்டேன்.

"இஞ்சேருங்கோ, அவன்ரை குரலை மட்டும் எடுத்துவிட ஏலாதோ?"

ஏலாது என்றேன். அவள் கதைக்கக் கதைக்கவே அவனும் கதைக்கிறான். இரண்டும் ஒன்றாய்ப் பதிந்துபோயிருக்கிறது.

யூலை 18, திங்கள்

காற்று இன்னும் அடங்கவில்லை. மத்தியானம் வாசல் படலையடியில் றெஜி, சைக்கிளோடு. உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஒட்டுசுட்டான் கலியாண வீட்டார் வந்து நிற்கிறார்களாம். பெண்ணின் தமையன் வெளிநாட்டிலிருந்து கலியாண வீடியோவுக்கு இன்னொரு கொப்பி கேட்கிறாராம்.

"ஒரு நாளைக்குத் தா மச்சான். கொப்பி அடிச்சிட்டு உடனை கொண்டு வாறன். கசற் எங்கை எண்டு கேட்டால் அவையளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"கடலோடை போயிட்டுது எண்டு சொல்லு."