அலமாரிக் கதவைத் தேய்த்தது நான்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். உடம்புக்கு என்றுதான் சொன்னேன், மனசு சரியில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மாமியார் வீட்டு அலமாரிக் கதவு பாழாய்ப் போனதைக் கேட்டுவிட்டு போனில் அப்பாவைப் பிடித்துக் கத்தினாயே, கண்ணு சரியா தெரியலன்னா வேலையை விட்டுத் தொலைங்களேன்ப்பா, இங்க என் மானம் போகுதுன்னு, அதெல்லாம் எனக்கும் கேட்டது. அவர் சரிம்மா, சரிம்மா என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டே இருந்தேன். அந்தக் கதவைக் கெடுத்தது அப்பா இல்லை, நான்.

மரத்தை அறுத்துப் பூட்டுவது அப்பா, தேய்த்து நிறம் ஏற்றுவது நான், நம் பட்டறையில் எப்போதும் அப்படித்தான் என்று உனக்குத் தெரியும். சம்பந்தியம்மா நல்ல மர ஏடு ஒட்டிய பிளைவுட்தான் வேண்டும், பெயிண்ட் வேண்டாம், மரத்தோட ரேகை தெரியணும் என்றார். முழு மரமாக இருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே அதே மரம்தான். பிளைவுட்டில் மேலே இருக்கிற ஏடு வெங்காயத் தோல் கனம்தான். நைஸ் உப்புத்தாளை வைத்து ரேகை போகிற பக்கமாகக் கையால் லேசாகத் தேய்த்தாலே போதும். தேய்க்கிற மெஷினைத் தொடாதே, முதல்ல துண்டுப் பலகையில நிறத்தைப் பூசிப் பாரு என்று அப்பா சொல்லிவிட்டுத்தான் வெளியே போனார். நான் என்ன நேற்றா வேலைக்கு வந்தேன் என்று எனக்கு வீம்பு. சம்பந்தி முன்னால் பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை வேறு. மெஷினை ஓட்டினேன். வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. நிறம் ஏற்றுகிற ஸ்டெயினைத் துணியில் தொட்டுத் தடவியதும்தான் தெரிந்தது. ஏடு தேய்ந்துபோன இடங்களில் அடியில் இருந்த பசை நிறத்தை வாங்கவே இல்லை, தேமல் விழுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது. மறைக்கலாம் என்று இன்னும் கறுப்பாக ஒரு பூச்சு, அதன் மேல் வார்னிஷ். அழுத முகத்தில் பவுடர் அப்பின கதைதான்.

அப்பா திரும்பி வந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாவும் தன் தங்கையோடு பட்டறைக்கு வந்து நின்றார். அப்பா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான்தாங்க தேய்ச்சேன், கை தவறிடுச்சு என்றார். வயசானா பேசாம வீட்ல உக்காரணும் என்று அந்தத் தங்கை முகத்துக்கு நேரே சொன்னாள். நான் தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். அப்புறமும் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நீ போனை வைத்த பிறகு அப்பா, பொண்ணு சொல்றதும் சரிதான், இனிமே ஸ்டூல், பலகைன்னு சின்ன வேலையா பாத்துக்கலாம் என்றார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் தனியாகச் சம்பந்தி வீட்டுக்குப் போய், தங்கையையும் வைத்துக்கொண்டே உள்ளதைச் சொன்னேன். சம்பந்தியம்மா கோபப்படவில்லை. அவரு தலைகுனிஞ்சு நின்னப்ப உங்களால எப்படிங்க சும்மா இருக்க முடிஞ்சது என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், அதை எதுக்குப் போய்ச் சொன்னே, ஒரு தடவையாவது உன்கிட்ட நல்லவன்னு பேர் எடுக்கலாம்னு பாத்தேன், அதையும் கெடுத்துட்டியே என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுப் பலகை வாங்கிக் கதவை மறுபடி செய்தோம். துண்டில் பூசிப் பார்த்து, நிறம் திட்டுத்திட்டாக ஏறாமல் இருக்க முதலில் மெல்லிசாக ஒரு சீலர் கொடுத்து, மிச்ச ஸ்டெயினை உடனுக்குடன் துடைத்து, வார்னிஷையும் அவசரப்படாமல் காயவிட்டுக் காயவிட்டு ஏற்றினேன். நன்றாக வந்திருக்கிறது என்று சம்பந்தியம்மா சொன்னார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க இன்னும் கூச்சமாக இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் தீர்க்காயுசாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. அப்பாவிடம் மன்னிப்பு என்று ஆரம்பிக்காதே, சரியா கேக்கலைம்மா என்று போனை என் கையில் கொடுத்துவிடுவார். உன் வீட்டுக்குப் புத்தக அலமாரி வேண்டும் என்றாயே, அளவைச் சொல்லி அதை அப்பாவையே செய்து தரச் சொல்லிக் கேள். சின்ன வேலையாகச் சொல்லாதே, சுவர் முழுக்க வேண்டும் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா