படத்தில் உன் கால்கள்

நேவல் பேஸ், செம்பவாங், சிங்கப்பூர்
14-9-1959, திங்கள்

அன்புள்ள சேதுபதிக்கு,

இஞ்ஞாசி எழுதுவது. சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு இதுவரை பதில் போடாததற்கு ஒரு பாட்டம் திட்டிவிட்டு மேலே படி. நானும் பிரிஜட்டும் பிள்ளைகளும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். டாக்யார்டில் கொதிகலன் பட்டறை அதே சூடு, அதே சத்தம்தான். எனக்கு இடது காது பாதி போய்விட்டது. பூவம்மாவுக்கு வயிற்றுவலி தேவலையா? தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் உனக்கு டிரில் மாஸ்டர் வேலை நிரந்தரமானது கேட்டு ரொம்பச் சந்தோஷம். 1952 ஓட்டப்பந்தயச் சான்றிதழைப் பார்த்ததும் ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று கை கொடுத்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைப் பிரிஜட்டுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கதையைப் படம் எடுக்க மதராஸிலிருந்து ஒரு கம்பெனி இங்கே வந்து இறங்கியிருக்கிறது. உன்னிடம் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்களாம். எனக்கு ஒரு வரி எழுதக்கூடாதா? ஒரு நாள் வேலை விட்டு வருகிறேன், வீட்டு வாசலில் கார் நிற்கிறது. என் பேரில் ஏதோ கேஸ் என்று பிரிஜட் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள். காரில் வந்தவர் டைரக்டர் இராமசாமி. "ஓடினவனுக்கு ரோடு எங்க சார் தெரியும், கூடவே சைக்கிள்ல தண்ணி கொண்டு வந்தான் பாருங்க இஞ்ஞாசி, அவனைக் கேளுங்க" என்று நீ சொல்லியனுப்பினாயாம். நல்ல ஆளப்பா நீ. உன் தலையில் இருந்ததைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாய்.

டைரக்டர் மகா சுத்தக்காரர். மூச்சுக்கு மூச்சு, ஒரு பிசகும் இருக்கக்கூடாது என்கிறார். நீ போட்டிருந்த பனியன் என்ன நிறம், காலையில் குடித்தது கோப்பியா கஞ்சியா, நேவல் பேஸ் கேட்டிலிருந்து பாடாங் மைதானம் வரை பதினான்கு மைலில் எங்கெங்கே தண்ணீர் கொடுத்தேன், எல்லாம் நோட்டில் ஏறிவிட்டது. சைக்கிள்காரனுக்கு என்ன விதி என்றும் கேட்டார். தண்ணீர் கொடுக்கலாம், வழி சொல்லலாம், ஓடுகிறவனைத் தொடக்கூடாது என்றேன். அதையும் அழுத்தி எழுதிக்கொண்டார்.

ஆனால் நீயாக நடிக்க வந்திருக்கும் ஆளைப் பார்த்தால் நீ சிரிப்பாயா அழுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல சிவப்பு, கன்னம் இரண்டும் பன் மாதிரி. நீயோ ஒட்டடைக்குச்சி. டைரக்டரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "ஜனங்க காசு குடுத்து முகத்தைத்தானே பார்க்க வர்றாங்க, இஞ்ஞாசி" என்று முடித்துவிட்டார். ஊசியில் நூல் கோக்கிற உன் அம்மாவுக்குப் படத்தில் கண் தெரியாது. பூவம்மா அந்த வருஷம் யாரென்றே உனக்குத் தெரியாது, படத்தில் அவள் பாடாங்கில் நின்று பாடுகிறாள். என்னையும் விட்டுவைக்கவில்லை. நானாக வருவது ஒரு தொந்தி வைத்த காமெடியன், சைக்கிளில் ஏறும்போதெல்லாம் தொப்பென்று விழுவதுதான் அவன் வேலை. அது ஒன்றைத்தான் சரியாக எடுத்திருக்கிறார்கள் லா என்கிறாள் பிரிஜட்.

இதெல்லாம் போகட்டும். கதை நீசூன் தாண்டி அந்த ரப்பர் தோட்டத்து மேட்டுக்கு வந்தபோதுதான் எனக்குச் சிக்கல் வந்தது. "மேட்டுலதான் சேதுபதி நாற்பது கஜம் முந்தினார்னு பேப்பர்ல போட்டிருக்கு. பாடாங்குல ஜெயிச்சதே முப்பது கஜத்துல. அப்போ மேடுதான் படத்துக்கே உயிர். அங்க என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுப் பென்சிலோடு காத்திருந்தார்.

அங்கே என்ன நடந்தது என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். கொட்டுகிற மழை. நடுவர்கள் வேன் முன்னால் போய்விட்டது. உனக்கு அடுத்து ஓடிவந்த ஒலி முகம்மது வளைவுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறார். நீ விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய் போலிருந்தது. பிறகு மேட்டு உச்சி வரை உன் கை என் சைக்கிள் கேரியரில் இருந்தது. நான் மிதித்தேன். ஏழு வருஷத்தில் இன்றுதான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். பிடிச்சுக்கோடா என்று நான் சொன்னேனா, நீயாகப் பிடித்தாயா? சில நாள் நான் சொன்னது என் காதிலேயே கேட்கிறது. சில நாள் நான் வாய் திறக்கும் முன்பே பின்னால் வண்டி கனத்த மாதிரி இருக்கிறது. எது நிஜம் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை சேது.

டைரக்டரிடம் சட்டென்று, மேட்டடியில் என் சைக்கிள் பஞ்சர் ஆகிவிட்டது, சேது தனியாகத்தான் ஏறினான், நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். போன வாரம் அந்தக் காட்சியை எடுத்துவிட்டார்கள். காமெடியன் மழையில் உட்கார்ந்து பம்ப் அடிக்கிறான், பம்ப் கழன்று கையோடு வருகிறது. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பிரிஜட்டிடம் பஞ்சர் கதையை நடந்தது போலவே சொன்னேன். இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே என்றாள். மறந்துபோனேன் என்றேன். அப்படிச் சொன்னபோது நிஜமாகவே மறந்துபோன மாதிரிதான் எனக்கும் இருந்தது.

இன்னொரு கூத்தையும் கேள். ஹீரோவால் அரை பர்லாங் கூட ஓட முடியவில்லை. அவரை நின்ற இடத்திலேயே குதிக்கவைத்து, நான் பக்கத்தில் நின்று பூவாளியில் தண்ணீர் தெளிக்க, முகத்தை மட்டும் படம் பிடித்தார்கள். ஓடுகிற காலுக்கு ஒரு டூப் வேண்டும், சேதுபதி மாதிரி ஓடுகிற ஆள் யாராவது உண்டா என்று டைரக்டர் கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் ஒலி முகம்மது பெயரைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்?

அவர் இன்னும் சிராங்கூன் ரோட்டு மசாலா மில்லில்தான் இருக்கிறார். கூப்பிட்டதும் தலையில் மிளகாய்த்தூளோடு அப்படியே வந்துவிட்டார். இரண்டாவதாக வந்தவனை முதலாவதாக வந்தவன் வேஷத்துக்குக் கூப்பிடுகிறோமே என்ற வருத்தம் அவர் முகத்தில் துளியும் இல்லை. "இடது காலைக் கொஞ்சம் வெளியே வீசுவார், வலது தோள் தாழும். பதினாலு மைலும் அந்த முதுகைத்தானே அண்ணே பார்த்துக்கிட்டு வந்தேன்" என்று சொல்லி ஓடிக் காட்டினார். இடுப்புக்குக் கீழே பார்த்தால் அச்சு அசல் நீ. எனக்கு மயிர் கூச்செறிந்தது. படத்தில் பாடாங்கில் வெற்றிக் கயிற்றை முதலில் தாண்டப்போவது அவர் கால். இதில் எது பொய், படமா, நம் பந்தயமா? யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றுகிறது.

வரும் ஞாயிறு அந்த மேட்டில் ஷூட்டிங். முடிந்த பிறகு மீதியை எழுதித் தபாலில் சேர்க்கிறேன்.

21-9-59, திங்கள்

நேற்று பூசை முடிந்து நேரே நீசூன் போனேன். மழைக்கு ஒரு தண்ணீர் லாரி வந்திருந்தது. பின்னால் ஓட ஒரு பட்டாளத்துப் பையனை நிறுத்தினார்கள். உச்சிக்குப் போகும்போது இரண்டு பேருக்கும் நடுவில் நாற்பது கஜம் இருக்க வேண்டும், பேப்பரில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்றார் டைரக்டர். ஒலி முகம்மது ஓடினார். பத்து கஜம்கூடத் தேறவில்லை. மறுபடி ஓடினார். நான்கு தடவை அப்படியே ஆயிற்று. ஐந்தாவது தடவை உச்சியில் போய் ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தார். முப்பத்தெட்டு வயசு மனுஷன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "மன்னிச்சிடுங்க சார், இது சேதுபதி கால். எனக்கு வராது" என்றார்.

டைரக்டருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? கேமராவை மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆள் வேகமாக ஓடுவானாம். அப்படியே ஒரு தடவை எடுத்து மூட்டை கட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காமெடியன் வாய் சும்மா இராமல், நிஜப் பந்தயத்தில் நீங்கள் தாண்டிப் போனபோதும் இவர் இப்படித்தான் பம்ப் அடித்துக்கொண்டிருந்தாரா என்று ஒலி முகம்மதுவிடம் கேட்டான். சேது, நான் பஞ்சராகி நின்றிருந்தால் பின்னால் வந்தவர் என்னைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்? இந்த மரமண்டைக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. ஒலி முகம்மது என்னைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். சரி, மாட்டினோம் என்று நினைத்தேன். அவரோ, "நான் யாரையும் தாண்டின ஞாபகம் இல்லையே. மழை பாருங்க, எனக்குத்தான் கண்ணு மறைச்சிருக்கும்" என்றார். நீ பொய் சொல்கிறாய் என்று என் சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைச் சந்தேகப்பட மனசு வராமல் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டார்.

நீசூன் கோப்பிக் கடைக்கு அவர்தான் என்னைக் கூட்டிப்போனார். ஏழு வருஷமாக மாதம் ஒரு ஞாயிறு பஸ் ஏறி வந்து அந்த மேட்டில் ஓடிப் பார்க்கிறாராம். நீ எப்படி அவ்வளவு வேகமாக ஏறினாய் என்று இன்னும் பிடிபடவில்லையாம். "சேதுபதிக்கு எழுதுவீங்கல்ல அண்ணே? மேட்டுல மூச்சை எப்படி வச்சுக்கிட்டார்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. இனிமே நான் எந்தப் பந்தயத்துக்கும் போகப் போறதில்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் அந்த வருஷமே சொல்லிவிட்டேன். யாருக்குக் கெடுதல் செய்தாயோ அவனிடம் போய்ச் சரிசெய் என்றார் சாமியார். ஜெபமாலை சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன், அவரிடம் போகவில்லை. இப்போது நான் போய்ச் சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன், உன் வேலைக்கும் பங்கம் வரலாம். சொல்லாவிட்டால் அந்த மனுஷன் அடுத்த மாதமும் பஸ் ஏறுவார். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மாதிரி தோன்றுகிறது. உன் மேல் கோபமா என்றால் கோபமும் இல்லை, உன்னை நினைத்தால் அழுகைதான் வருகிறது.

அதனால் அவர் கேட்டதை உன்னிடம் சேர்த்துவிட்டேன். பதிலை எனக்கு எழுதாதே. அவருக்கே எழுது. அவர் தமிழ் நன்றாகப் படிப்பார். பிடித்துக்கொள்ளச் சொன்னது இஞ்ஞாசிதான் என்று நீ எழுதினாலும் சரி, நான் மறுக்கமாட்டேன். உன்னையும் பூவம்மாவையும் குழந்தையையும் மாதா கைவிடாமல் காக்கட்டும். எழுதுவாய் என்று நம்பி,

உன்
இஞ்ஞாசி

அவர் விலாசம்: க. ஒலி முகம்மது, மசாலா மில் மாடி, சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர் 8.