டெட்லைனுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

ஓஹாயோ, பண்ணை வீடு
திங்கட்கிழமை, 10 ஆகஸ்ட் 1914

என் அருமை மகள் கோராவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மழை இல்லாமல் சோளம் வாடிக் கிடக்கிறது. பழுப்புப் பசு கன்று போட்டுவிட்டது. மற்ற ஊர்க் கதையெல்லாம் இன்னொரு நாள் சொல்கிறேன். இந்தக் கடிதம் நாலு மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் வழக்கம்போல் நான்தான் படித்துக் காட்டினேன். "போர்க்கைதி முகாம் பத்தின கட்டுரைக்கு வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி எனக்கு டெட்லைன், தாண்டினா எங்க பத்திரிகை ஆசிரியர் என்னைச் சுட்டே போடுவார்" என்று விளையாட்டாக எழுதியிருந்தாய். அந்த வரியோடு என் வாய் நின்றுவிட்டது. "என்னங்க, நிறுத்திட்டீங்க?" என்றாள் அம்மா. அடுத்த பக்கத்தில் அம்மாவின் முதல் கணவன் சைலஸ் பெயரைப் பார்த்ததும், அவ்வளவுதான் என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் அச்சுக்கூடம் வைத்திருக்கும் ஹைரமிடம் போய், டெட்லைன் என்று இப்போது எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "எங்க மெஷின்லயே டெட்லைன்னு ஒரு கோடு இருக்கு பெருசு. அந்தக் கோட்டைத் தாண்டி எழுத்துக் கோத்தா பேப்பர்ல விழாது. இப்ப பத்திரிகைக்காரங்க கட்டுரை குடுக்கற கடைசி நேரத்துக்கும் அந்தப் பேரை வெச்சுட்டாங்க. சோளம் போடறவருக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சிரித்தான். அது வெறும் மரக்கட்டையாக இருந்த காலத்திலேயே எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லவில்லை.

உனக்குச் சொல்கிறேன். ஐம்பது வருஷத்துக்கு முன், உள்நாட்டுப் போரில் தென்னாட்டுப் படை எங்களைப் பிடித்து ஜார்ஜியாவில் அடைத்து வைத்த முகாமில், மதிலுக்குச் சில கஜம் உள்ளே குச்சிகளை நட்டு, மேலே ஒற்றைக் கட்டை அடித்திருந்தார்கள். அதற்குத்தான் டெட்லைன் என்று பெயர். அதைத் தொட்டாலே காவல் மேடையில் நிற்பவன் சுடுவான். ஓடை அந்தப் பக்கமிருந்துதான் உள்ளே வந்தது. வந்த நாலடியில் ஆயிரக்கணக்கானவர்களின் அழுக்கு அதில் கலந்துவிடும். கட்டைக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர். கழியில் கோப்பையைக் கட்டி, குப்புறப் படுத்து, கட்டைக்கு அடியில் நீட்டி மொள்ளுவோம். ஒரு கூடாரத்துக்கு நாலு பேர், முறை வைத்துப் போவோம். யாரும் தன் முறையை மாற்றிக் கேட்க மாட்டார்கள்.

எங்களோடு அதே முகாமில் இருந்து, இப்போது உன் கட்டுரைக்காக உன் அலுவலகத்துக்கு வந்த வார்ட்டன் கிழவர் சொன்னது உண்மை. சைலஸ், நான் இத்தனை நாள் சொன்ன மாதிரி காய்ச்சலில் சாகவில்லை. தண்ணீர் மொள்ளப் போய்ச் சுடப்பட்டான். வார்ட்டனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு முறை என்னுடையது.

எனக்குக் காய்ச்சல் இருந்தது உண்மை. எழுந்து நடக்க முடிந்ததும் உண்மை. முந்தின நாள் அதே இடத்தில் ஒருவன் விழுந்ததைப் பார்த்திருந்தேன், பயம். "கால் நிக்கலடா, இன்னிக்கு நீ போயிட்டு வா" என்றேன். சைலஸ் என் முகத்தைப் பார்த்தான். பொய் என்று தெரிந்துகொண்டான் என்றுதான் நினைக்கிறேன். "நாளைக்கு ரெண்டு தடவை நீ போற. ஏமாத்தினே, கோப்பையாலயே மண்டையில போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெடிச்சத்தம் கேட்டதும் ஓடினேன். நிற்காத கால் அவ்வளவு தூரம் ஓடியது, கோரா. கோப்பையை அவன் இந்தப் பக்கம் இழுத்துவிட்டிருந்தான். எழும்போது தலை கட்டையில் பட்டிருக்கிறது. கோப்பையில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. அதை நான் குடித்தேன்.

விடுதலையானதும் அந்தக் கோப்பையைக் கொடுக்கத்தான் உன் அம்மாவைத் தேடிப் போனேன். காய்ச்சலில் தூக்கத்திலேயே போய்விட்டான் என்றேன். "பக்கத்துல நீங்க இருந்தீங்களே, அது போதும்" என்று அழுதாள். நான் சொன்ன அந்தப் பொய்யை நம்பித்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். இன்றுவரை அவள் மாவு அளப்பது அதே தகரக் கோப்பையில்தான்.

சைலஸ் பெயரை எடுத்துவிடு என்று உன்னைக் கெஞ்சத்தான் காலையில் உட்கார்ந்தேன். அந்தத் தாள் அடுப்புக்குப் போய்விட்டது. நேற்று சர்ச்சில் உன் அம்மா ஒருத்தரையும் விடவில்லை. ஐரோப்பாச் சண்டைச் செய்திக்கு நடுவிலும் என் மகள் கட்டுரைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பெருமை. சைலஸின் தங்கைக்கு ஒரு பிரதி சேர்த்து அனுப்பச் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

உள்ளதை உள்ளபடி போடு. முறை யாருடையது என்பதையும் என் பெயரோடு போடு. அப்பா பாவம் என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. நீ தள்ளிப்போட்டால் நானும் தள்ளிப்போடுவேன். ஐம்பது வருஷமாக அதைத்தான் செய்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணி ரயிலில் பத்திரிகை வரும். பக்கத்து வீட்டுப் பெண் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதற்குள் நானே சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை எப்படியாவது வந்துவிடு. என்னை இந்த வீட்டில் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், முதலில் அம்மா பக்கத்தில் போய் உட்கார். அவள் என்ன முடிவு செய்தாலும் எனக்காகப் பேசாதே.

ரொட்டிக்கு மாவு அளக்கக் கோப்பையைத் தேடுகிறாள். "எங்கங்க வெச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். என் கையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், மகளே. எனக்காகவும் வேண்டிக்கொள்.

உன் அப்பா,
ஆரின்