பொங்கல் கதையில் படுத்தவள்

தை 9, புதன் இரவு.

பண்டிகைக்கு ஒரு பேய்க்கதை என்று டிவியில் ஒரு தொடர் போடுகிறார்கள். பொங்கல் கதையை எங்கள் மன்னவனூரில் எடுத்தபோது என் மகள் ரேவதி அதில் பிணமாக நடித்தாள். கழுத்தில் மாலை, நெற்றியில் காசு. போன வாரம் ஒளிபரப்பானபோது எங்கள் தெருவே கூடிப் பார்த்துக் கைதட்டியது.

இன்று மாப்பிள்ளை கதிரின் அம்மா திண்டுக்கல்லிலிருந்து பேசினார். நிச்சயப் புடவைக்கு நிறம் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

“நல்ல நாளும் அதுவுமா பொணமாக் கெடந்த பிள்ளைய, எங்க வீட்டுல வந்து வெளக்கேத்துன்னு எப்படிங்க சொல்றது?”

“நடிப்புதானேங்க. எடுத்து முடிச்சதும், தோஷம் தங்கக் கூடாதுன்னு எந்திரிச்சு கேமராவப் பாத்துச் சிரிக்கச் சொன்னாங்க. பூசணிக்காயும் ஒடச்சாங்க.”

“சிரிச்சத டிவியில காட்டலையேங்க. எங்க சனமெல்லாம் பாத்தது படுத்துக் கெடந்ததத்தானே.”

வைக்கிறேன் என்று போனை வைத்தேன்.

ரேவதியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. “அவரு என்னம்மா சொன்னாரு?” என்று மட்டும் கேட்டாள். கதிருக்கு இன்னும் தெரியாதுபோல என்றேன்.

ஆனால் போன் பேசும்போது கதிர் தன் அம்மா பக்கத்தில்தான் இருந்தார். “வெரசா முடிம்மா, சோலி கெடக்கு” என்று அவர் சொன்னது எனக்குப் போனில் கேட்டது.